புனிதாவின் மேசையில் டத்தோவின் கையெழுத்து

கிள்ளானில் எங்கள் கடைவரிசையின் மாடியில் டத்தோ முகுந்தனின் சேவை மையம் இருக்கிறது. கீழே என் போட்டோஸ்டாட் கடை. அந்தப் படியில் யார் ஏறுகிறார்கள், யார் முகத்தைத் தொங்கப்போட்டு இறங்குகிறார்கள் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டத்தோவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியாயிற்று, சிறப்பு மலரும் போட்டாயிற்று. மாடியில் உட்கார்ந்து அவருக்கு எல்லாம் செய்துகொடுத்த புனிதாவைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டத்தோ என்பது அரண்மனை கொடுத்த பட்டம்; ஆள் ஐந்து தவணையாக நாடாளுமன்ற உறுப்பினர். ஆரம்பத்தில் கால்வாய் அடைப்பு, சாலைக் குழி என்று பேசிக்கொண்டிருந்தவர், மூன்றாவது தவணையில் வெளியுறவுக் குழுவுக்குள் போனார். அடுத்த தவணையில் அதற்குத் தலைவர். அப்புறம் தூதர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அண்டை நாட்டோடு ஓர் ஒப்பந்தம் என்றால், "முகுந்தன் என்ன சொல்றார்?" என்று அமைச்சரே கேட்பாராம். ஆள் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். அகதிகள், நாடற்றவர்கள் என்று பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும். அந்தப் பேச்சையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் புனிதா. விமான டிக்கெட், ஹோட்டல், எந்த நாட்டில் என்ன கோட்டு போட வேண்டும், எந்தத் தூதர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார், எல்லாமே அவள் தலையில்தான்.

அவளிடம் மட்டும் பாஸ்போர்ட் கிடையாது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிய அவள் அப்பா நாலு வருஷம் கழித்துத்தான் போனார். பிறந்த தேதி அவருக்கு நினைவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அவள் பிறந்த மாசத்துச் சம்பள நாளையே பிறந்த நாளாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் குளறுபடியில் ஆரம்பித்துக் கடைசியில் கையில் வந்தது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே ஐம்பத்து நாலு வயதாகியும் இன்னும் 'நிரந்தரவாசி'தான், குடிமகள் இல்லை. நாலு தேர்தலில் வெயிலில் அலைந்து டத்தோவுக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அவளால் ஓட்டுப் போட முடியவில்லை.

குடிமக்களுக்கான நீல ஐ.சி. கேட்டு மூன்று தடவை மனுப் போட்டாள். மூன்றும் காரணமே சொல்லாமல் திரும்பி வந்தன. டத்தோ ஒரு ஆதரவுக் கடிதம் கொடுத்து, ஒரு போனும் போட்டால் நகரும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இதில் வயிறெரியும் விஷயம் என்னவென்றால், டத்தோவின் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப் அவள் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. தொகுதி மக்கள் கடிதம் கேட்டு வந்தால் அவளே போட்டுக் கொடுக்கட்டும் என்று டத்தோவே கொடுத்து வைத்தது. ஆயிரம் பேருக்காவது போட்டிருப்பாள்.

"உனக்கும் ஒண்ணு அடிச்சுக்க வேண்டியதுதானே லா?" என்று நான் கத்துவேன்.

"எனக்கு நானே அடிச்சா அது திருட்டு, அக்கா. அவரே பாத்து கையெழுத்து போடணும்."

தன் கடிதத்தைத் தட்டச்சு செய்து, மற்ற தாள்களோடு அவர் கோப்பில் வைப்பாள். அப்படி ஏழு தடவை வைத்தாள். ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்தவள் நான், அதனால் கணக்குத் தெரியும். ஏழு தடவையும், "வந்து பாக்கலாம் புனிதா" என்று விமானம் ஏறிப் போனார். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி எனக்கு இவள்மேலும் வந்தது. இப்படியும் ஒருத்தி நல்லவளாக இருப்பாளா?

கணவர் நீல ஐ.சி.காரர் என்பதால் மகள் மாதவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் இறந்து எட்டு வருஷமாகிறது. மாதவி பெர்த்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே நடந்த அவள் கல்யாணத்தைப் புனிதா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் ஒருத்தர் வந்து நகல் எடுக்கணும் என்றார். அவரை நான் துரத்திவிட்ட துரத்தலில் இன்றுவரை கடைப்பக்கம் வரவில்லை. இப்போது மாதவிக்கு ஏழு மாசம். "பிரசவத்துக்காவது வாம்மா" என்று தினமும் போனில் அழுகிறாள்.

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் டத்தோவின் இருபத்தைந்தாண்டுச் சேவைக்குப் பாராட்டு விழா. எனக்கும் புனிதாவுக்கும் பின்வரிசையில் இடம். போன மாசம் அவர் ஜெனீவா மாநாட்டில் பேசியதைத் திரையில் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு குரல் தழுதழுக்க ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவள் பிறந்த நாள் அவளுக்கே தெரியாதாம். ஒரு குமாஸ்தா சம்பள நாளைப் பிறந்த நாளாக எழுதிவிட்டானாம். மகள் கல்யாணத்தை ஒரு கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தாளாம். அவளைத் தன் பிள்ளை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு நாடும் இல்லையாம். ஜெனீவாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் தட்டினார்கள்.

புனிதாவைப் பார்த்தேன்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன், அக்கா," என்றாள். "படிக்கும்போது புரியும்னு நெனச்சேன்."

சாப்பாட்டு நேரத்தில் டத்தோ மேசை மேசையாகக் கைகொடுத்துக்கொண்டு எங்களிடமும் வந்தார். கழுத்தில் மாலை, முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தம்மா கதைதான் ஜெனீவாவில ரொம்ப எடுபட்டுச்சு, புனிதா. எல்லாரும் கேட்டாங்க. எந்த நாட்டுக்காரங்க அவங்க?"

"ஜெஞ்சாரோம், டத்தோ."

அவர் சிரித்தார். "ஜோக் அடிக்காதீங்க லா."

அவள் கைப்பையைத் திறந்து சிவப்பு ஐ.சி.யை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அட்டையின் சிவப்பைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஐயோ, இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. புனிதா குரலை உயர்த்தவில்லை. "ஏழு தடவ உங்க ஃபைல்ல வச்சேன், டத்தோ."

"சரி, சரி. திங்கக்கிழமை மொத வேலையா... இல்ல, திங்கக்கிழமை ஜகார்த்தா போறேன். வந்து பாக்கலாம், கண்டிப்பா."

"தெரியும் டத்தோ. டிக்கெட் நான்தான் போட்டேன்," என்று சொல்லி, ஐ.சி.யைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் விமானம். பத்தேகாலுக்குப் புனிதா படியிறங்கி வந்து ஒரு கடிதத்தை என் மேசைமேல் வைத்தாள். மேலே அவள் பெயர், சிவப்பு ஐ.சி. எண். கீழே டத்தோவின் கையெழுத்து. ஸ்டாம்ப் மை இன்னும் காயவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "தொகுதி மக்களுக்குப் போட்டுக் குடுன்னு அவர்தானே அக்கா சொன்னாரு. நானும் இந்தத் தொகுதியிலதான் இருக்கேன். மூணு காப்பி எடுங்க."

நான் நாலு எடுத்தேன். நாலாவது என் கல்லாவில் இருக்கிறது. நாளைக்கு எவனாவது அது திருட்டுக் கையெழுத்து என்று சொல்லிக்கொண்டு மாடியேற வந்தால், முதலில் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.