மாப்பிள்ளை அறை வாடகைக்கு

ஷரீபுன்னிசா நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். இடது கையில் தட்டு. கண் எதிர்ச் சுவரில், பாடத்துக்காக ஒட்டிய எலும்புக்கூட்டுப் படத்தில். "உக்காந்து தின்னா என்னடி, ரயிலா போயிடப் போவுது?" என்று உம்மா கமர் நிஷா கேட்டால், "போயிடும் உம்மா. எனக்கு இந்த வருசம்தான் கடைசி" என்பாள். வாயில் சோறு இருக்கும்போதே பதில் வந்துவிடும்.

பிறந்தது சைகோனில். அங்கே வாப்பாவுக்குத் துணிக்கடை. அந்த நாட்டுச் சண்டை முடிந்த வருடம் கடை போயிற்று, வாப்பாவும் கண்ணை மூடினார். தாயும் மகளும் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சில் படித்த படிப்பை இங்கே யாரும் சீந்தவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து மறுபடி தனியாக எழுதினாள். தமிழ்த்தாள் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. ஆனாலும் விடுகிற ஆளில்லை.

இப்போது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் உதவியாள். ஜுரமானி நூற்றிரண்டு காட்டினால், சைகோன் பழக்கத்தில் மனசுக்குள்ளேயே சென்டிகிரேடாக்கி, "முப்பத்தொன்பது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிடுவாள். "அவ்வளவுதானா" என்று பிள்ளை பெற்றவள் குளிக்கக் கிளம்பிவிடுவாள். பிறகு இவளே திரும்பி ஓடிவந்து தடுக்க வேண்டும்.

அவள் போட்டிருக்கும் திட்டம் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். "பாண்டியில மூணு வருசம் நர்ஸ் படிப்பு. தங்க எடம், சாப்பாடு, ஸ்டைபெண்டு எல்லாம் அவங்களே குடுத்துடுவாங்க. அப்புறம் வேலை. அந்தச் சம்பளத்துல பி.எஸ்ஸி. அதுக்கும் மேல ஒண்ணு இருக்காம், அதையும் படிப்பேன். ஒரு படி ஏறினா அதுவே அடுத்த படிக்கு வழி பண்ணும்." இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் கல்யாணமான பெண்ணைச் சேர்க்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு என்றால் வயது தாண்டிவிடும். இவள் போய்விட்டால் உம்மா வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதுதான் தீராத கவலை.

அதற்கு அவள் சொன்ன வழியைக் கேட்டுத் தெருவே வாயைப் பிளந்தது. இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மருமகன்தான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். பெண் வளரும்போதே அவனுக்கென்று ஓர் அறையை ஒதுக்கிவிடுவார்கள். எதை எதையோ விற்ற கமர் நிஷா, அந்த அறையை மட்டும் தொடவில்லை. அதைத்தான் இரண்டு டீச்சர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றாள் மகள். சில நாள் கழித்து உம்மா, "வெள்ளிக்கிழமை பட்டினத்துலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்புள துபாய்ல" என்றாள்.

மாப்பிள்ளையின் தாய் ஆஸியா பீவி நல்ல மாதிரி. தேத்தண்ணி குடித்ததும், வழக்கப்படி, "அறையப் பாத்துடலாமா" என்றாள். கமர் நிஷா கதவைத் திறந்தாள். சைகோனிலிருந்து கொண்டுவந்த பட்டு விரிப்பைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். ஷரீபுன்னிசா வாசற்படியிலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"அறை லெச்சணமா இருக்கு. நீ இனிமே ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைய வேணாம்மா" என்றாள் ஆஸியா பீவி, அன்பாகத்தான்.

"கோவிச்சுக்காதீங்க மாமி. நான் பாண்டிக்குப் படிக்கப் போறேன். உம்மா சம்மதிச்சா இந்த அறையில டீச்சருங்க இருப்பாங்க."

பயந்துபோய் உம்மாவைப் பார்த்தாள்.

கமர் நிஷா கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு அவள் குனிந்து பட்டு விரிப்பை உருவினாள். அதன் ஒரு நுனியை மகள் பக்கம் நீட்டினாள்.

"புடி. மடிச்சு வைக்கணும்."