டிவிடி கடையில் என் வீட்டுக்காரர் போட்ட டிஸ்கோ

ஸ்கூல் ஆண்டு விழாவில் வெஸ்டர்ன் டான்ஸ் ஆட மகளுக்கு ஆசை. "படிக்கிற வேலையைப் பாரு" என்று நேற்று என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். அவள் சாப்பிடாமல் படுத்தது அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

இன்று எங்களை இங்கே வளைகுடாவில், ரூவி கடைத்தெருவில் ஒரு டிவிடி கடைக்குக் கூட்டிப்போனார். ஏதோ பழைய இங்கிலீஷ் படம் வேண்டுமாம், பெயர் மறந்துவிட்டதாம்.

"டிஸ்கோ படம், பாய். பெயின்ட் கடையில வேலை பாக்குற பையன், சனிக்கிழமை ஆனா ஆடப் போவான்" என்று அரைகுறை இந்தியில் விளக்கினார். கடைக்காரருக்குப் புரியவில்லை.

இவர் கையிலிருந்த காய்கறிப் பையை என்னிடம் கொடுத்தார். இடுப்பைச் சாய்த்து, விரலை மேலே நீட்டி, நாலு ஸ்டெப் போட்டார். கல்யாண ஆல்பத்துக்குச் சிரிக்கவே கூச்சப்பட்ட மனிதர்.

"அச்சா, அந்தப் படமா" என்று கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "காலேஜ்ல இதைப் பாத்துட்டுத்தான் பெல்பாட்டம் தைச்சேன். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் நான்தான் மாஸ்டர்" என்றார் வெட்கத்தோடு.

"அப்போ நான் ஆடலாமா, டாடி?"

"ஆடு. ஸ்டெப் நான் சொல்லித் தரேன்."

இப்போது ஹாலில் சோபா சுவரோரம் நிற்கிறது. அப்பாவும் மகளும் ஆடுகிறார்கள். சமையல் நான்தான்.

உங்கள் வீட்டு அமைதியான மனிதர்களையும் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.