வாப்பாவின் முகத்தில் இருந்தவை

மூக்கின் இரு ஓரங்களிலும் குருணை போன்ற சிறு கட்டிகள் எனக்குப் பள்ளி நாளிலேயே வந்துவிட்டன. பருதான் என்று மஞ்சள் பூசினோம், கண்ட களிம்பையும் தடவினோம். அவை அசைந்து கொடுக்கவில்லை. பவுடரை அப்பிக்கொண்டே நிக்காஹ் முடித்து, இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டேன்.

சென்ற ஆண்டு அதில் ஒன்று மட்டும் பெருத்தது. கோவில்பத்திலிருந்து உம்மாவையும் அழைத்துக்கொண்டு காரைக்கால் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் விளக்கை வைத்துப் பார்த்தார்.

"தோல் புற்றுநோயும் ஆரம்பத்துல இப்படி இருக்கலாம்மா. கண்ணால மட்டும் பாத்துச் சொல்லக்கூடாது. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்றேன், சத்தியம் செய்யாத குறையாக. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வதால் வலி அதிகமில்லை. முடிவுக்குக் காத்திருப்பதுதான் உயிரை வாங்கும். வாப்பா இல்லாமல் வளர்ந்தவள் நான். என் பிள்ளைகளை உம்மா இல்லாமல் விட்டுவிடுவேனோ என்று பயந்து செத்தேன்.

வாப்பா துபாயில் வேலை பார்க்கும்போதே மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேதான். கைக்குழந்தையாக இருந்த எனக்கு அவர் முகம் என்பது ஒரே ஒரு புகைப்படம். வழுவழுவென்ற முகம். அதில் என் சாயலைத் தேடித் தேடி ஏமாந்திருக்கிறேன். என் கண்ணும் உம்மா, காதும் உம்மா.

முடிவு வந்தது: டிரைக்கோஎபிதீலியோமா (மயிர்க்காலில் முளைக்கும், தீங்கற்ற தோல் கட்டி).

"புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா இப்படிக் கூட்டமா வந்தா பெரும்பாலும் பரம்பரைதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். "இவ வாப்பாவுக்கு இருந்துச்சுங்க."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு கேட்டு வர்றவங்க பரம்பரை நோவுன்னு சொல்லிருவாங்கன்னு நீ சின்னப்புள்ளயா இருக்கும்போதே அவங்க போட்டோவ ஸ்டூடியோவுல குடுத்து மூஞ்சில இருந்ததையெல்லாம் அழிக்கச் சொன்னேன் புள்ள. பழைய போட்டோவையும் கிழிச்சுப்போட்டேன்."

கோபம் வரவில்லை என்றால் பொய். அதைவிட அழுகைதான் வந்தது. வாப்பாவிடமிருந்து எனக்கு எதுவுமே வரவில்லையே என்று எத்தனை ஏங்கியிருப்பேன்!

இதே கட்டியோடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் வீட்டில் மூத்தவர்களைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். கல்யாணத்துக்காக மறைத்தது ஏதாவது இருக்கும்.

பெருத்ததை மட்டும் எடுத்துவிட்டார்கள். மற்றவற்றை லேசரில் சமப்படுத்தலாம், திரும்ப வரவும் செய்யலாம் என்றார் மருத்துவர். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

காயம் ஆறிய பிறகு ஒருநாள் உம்மாவிடம் கேட்டேன். "வாப்பாவுக்கு எங்கெங்க இருந்துச்சு?"

உம்மா கண்ணை மூடிக்கொண்டு என் முகத்தில் விரலை வைத்தார். "இங்க. இங்க ரெண்டு. இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மி." பின்னாளில் எனக்குக் கன்னத்தில் வந்தவற்றைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது.

"இந்த மீதியெல்லாம் வர்றதுக்குள்ள உன் வாப்பா போயிட்டாங்க" என்றார்.

வாப்பா வாழ்ந்த வயதை நான் தாண்டிவிட்டேன். இப்போது புதிதாக ஒன்று தட்டுப்பட்டால், உம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப்பார்க்கச் சொல்கிறேன்.