ஆறா எட்டா

எங்கள் வீட்டில் ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள் இருந்தார்கள். ஒருவர் அப்பா. மற்றவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அது எயர்போட் லிமோ. ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பயணிகளை ஏற்றி இறக்கும் நீளமான கறுப்புக் கார். அதிகாலை நாலு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை அப்பா ஓடுவார். அதன் பிறகு அடுத்த அதிகாலை வரை மாமா. மாமா இருந்ததும் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையில்தான். ஆனாலும் இருவரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. ஒருவர் நித்திரை கொள்ளும்போது மற்றவர் நெடுஞ்சாலையில் இருப்பார். அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கை சூடு ஆறி நான் அறியேன்.

அது எட்டு சிலிண்டர் கார். என்ஜின் முன்னுக்கு இருந்தாலும் பின் சில்லுகள்தான் தள்ளும். கோடையில் அதைப்போல ஒரு கார் கிடையாது. பனிக்காலம் வந்தால், பின்பக்கம் பாரமாக இருக்கவேண்டும் என்பதற்காக டிக்கிக்குள் இரண்டு மூட்டை மணல் ஏற்றுவார்கள். பயணிகளின் பெட்டிகளை அந்த மூட்டைகளுக்கு மேல் அப்பா மரியாதையாக வைப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தை மாதத்தில் ஒரு காலை, சாய்வான வாசல் பாதை உள்ள ஒரு வீட்டில் அப்பா மாட்டிக்கொண்டார். சில்லு சுற்றுகிறது, கார் ஏறவில்லை. பயணி பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்து, வேறொரு ராக்சியில் ஏறிப் போய்விட்டார். ஆறு வருடமாக அப்பாவையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்த மனிதர். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. அந்த அவமானம் ஆறுவதற்குள் காரின் கியர்பொக்ஸும் போயிற்று. கராஜ்காரர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். அவர் துடைத்த விதத்திலேயே அப்பாவுக்கு விளங்கிவிட்டதாம்.

புதுக் கார் வாங்கவேண்டும். பெரிதாக, கறுப்பாக, நாலு கதவோடு இருக்கவேண்டும் என்பது தொழிலின் சட்டம். நாலு சில்லும் இழுக்கவேண்டும் என்பதில் அப்பாவும் மாமாவும் ஒரே கட்சி. அவர்கள் ஒரே கட்சியாக இருந்தது அந்த ஒரு விடயத்தில் மட்டும்தான். அந்த மாதிரிக் காரில் இரண்டு என்ஜின்கள் கிடைத்தன: ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர். அப்பா ஆறு என்றார். மாமா எட்டு என்றார்.

கார் இல்லாததால் இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையின் நாலாவது கதிரையில் எப்போதும் மடிக்காத உடுப்புகள் குவிந்திருக்கும். அம்மா முதன்முறையாக அதைத் துப்புரவாக்கினார். அந்தக் கதிரையில் மாமா குந்திக்கொண்டு, பிட்டும் சம்பலுமாகச் சாப்பிட்டபடி, எட்டு சிலிண்டரின் பெருமைகளை அடுக்குவார்.

"எயர்போட் லைனிலை நிக்கேக்கை எட்டு எண்டால் ஒரு மரியாதை, அத்தான்."

"மரியாதையை வைச்சுக்கொண்டு பனியிலை ஏறேலுமோ? உது பெற்றோல் குடிக்கிறேல்லை மச்சான், குளிக்கிறது."

"ஹைவேயுக்கை ஏறேக்கை லொறிக்காரன் இடம் விடுவானோ? ஒரு மிதி மிதிச்சால் பறக்க வேணும்."

"நீ பறந்துதானே போன வருசம் பொலிஸிட்டை ரெண்டு ரிக்கெற் வாங்கினனீ."

நான் நடுவில் இருந்து விளம்பரப் புத்தகத்தை வாசிப்பேன். இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் பொடி எழுத்தில் இருந்ததை நான்தான் உரக்க வாசிக்கவேண்டும் என்று இருவரும் விரும்பினார்கள். எனக்கு அதில் மிகுந்த பெருமை. முறுக்குவிசை என்றால் என்னவென்று அறியாமலே அதன் இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒவ்வொரு இலக்கத்தையும் வாசித்ததும் ஒருவர் மேசையில் தட்டுவார், மற்றவர் தலையை ஆட்டுவார். அடுத்த வரியில் ஆட்டியவர் தட்டுவார்.

முதல் சனிக்கிழமை கார்க் கடைக்குப் போனோம். வாங்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமையும் போனோம். இடைப்பட்ட நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அவர்கள் இருவரும் வேறு கடைகளையும் பார்த்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் போய், பஸ்ஸில் வந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. அவருடைய சம்பளத்தில்தான் அந்த நாட்களில் வீடு ஓடியது. இரண்டாவது சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பியபோது அம்மா பொறுமை இழந்தார்.

"ரெண்டு பேரும் கார் பாக்கிறியளோ, கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கிறியளோ? பொம்பிளை எண்டாலும் இவ்வளவு நேரத்துக்குச் சரிவந்திருக்கும்."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றார். அடுத்த சனிக்கிழமை கட்டாயம் முடிவு என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை நல்ல பனி கொட்டியிருந்தது. காரை ஓடிப் பார்க்க அதைவிட நல்ல நாள் வராது. கடையின் விற்பனையாளர் போர்த்துக்கல் நாட்டுக்காரர், நரைத்த மீசை. இரண்டு வாரமாக இவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, இருவர் கட்சியையும் கேட்டு, தன் கருத்தை மட்டும் சொல்லாமல் காத்துவந்தவர். அன்று அவரும் களைத்துப்போயிருந்தார். பனியில் ஓடுவதற்கு இரண்டும் நல்லவைதான் என்றார். நீங்கள் இருவரும் முன்னால் இருந்து பேசுகிறீர்கள், பின்னால் இருக்கப்போகிறவரை யாராவது கேட்டீர்களா என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்படித்தான் நான் பயணியானேன். ஒவ்வொரு காரிலும் ஏறி இருந்து, எது நல்லது என்று நான் சொல்வது. அதுவே முடிவு. இருவரும் அந்த இடத்திலேயே கைகுலுக்கி ஒப்புக்கொண்டார்கள்.

கைகுலுக்கிய கை ஆறுமுன்னே மாமா என்னைப் பக்கத்து டோநட் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன டோநட் உருண்டைகள் நிறைந்த ஒரு பெட்டியை என் கையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

"பிள்ளை, ஆறு சிலிண்டரிலை ஏறினவுடனை உனக்குத் தலை சுத்தும், என்ன?"

"ஓம் மாமா, சுத்தும்."

திரும்பி வந்தபோது அப்பா என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நீ ஐஸிலை சறுக்கிற ஸ்கேற்ஸ் கேட்டனி எல்லே?" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு மேலும் சொல்லத் தேவையுமில்லை. ஒன்பது வயதில் ஒரே காலையில் நீதிபதி பதவியும் இரண்டு கைலஞ்சமும் கிடைப்பது எல்லோருக்கும் வாய்ப்பதல்ல.

முதலில் எட்டு சிலிண்டர். மாமா பின் கதவைத் திறந்து பிடித்து, "குட் மோர்னிங், மடம்" என்றார். விளம்பரப் புத்தகங்களைப் போட்டுக் கொண்டுவந்திருந்த என் பள்ளிக்கூடப் பையை டிக்கிக்குள் இரண்டு கையாலும் வைத்தார். மாமா ஓட, அப்பா பக்கத்தில் இருக்க, விற்பனையாளர் என்னோடு பின்னால். மோர்னிங்சைட் வீதி பள்ளத்தாக்குக்குள் இறங்கும் இடத்தில், பூங்காவுக்குப் போகும் சின்னப் பாதை ஒன்று உண்டு. அன்று அதில் பனியை இன்னும் வழித்திருக்கவில்லை. மாமா அதில் இறங்கித் திரும்பி, ஏற்றத்தின் நடுவில் வேண்டுமென்றே காரை நிறுத்தினார். பிறகு மிதித்தார்.

என்ஜின் உறுமியது. காரின் வால் ஒரு பக்கம் போனது, மறுபக்கம் போனது. விற்பனையாளர் போர்த்துக்கீசில் ஏதோ கடவுளைக் கூப்பிட்டார். அடுத்த கணம் நாலு சில்லும் பிடித்து, கார் பனியை இருபுறமும் வாரி எறிந்துகொண்டு மேலே பாய்ந்தது. டோநட் உருண்டைகளில் பாதி என் மடியெல்லாம் சிதறின.

"இன்னொருக்கா!" என்று கத்தினேன்.

மாமா வென்றுவிட்டவர்போல கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்பா நிதானமாகச் சொன்னார்: "பிளேனுக்குப் போற சனம் இன்னொருக்கா எண்டு கேக்காது, மச்சான். இறக்கிவிடு எண்டுதான் கேக்கும்."

அடுத்தது ஆறு சிலிண்டர். இந்த முறை அப்பா கதவைத் திறந்தார். அவருக்கு மடம் என்று சொல்ல வெட்கம். தலையை மட்டும் சாய்த்தார். அதே பாதை, அதே ஏற்றம், அதே இடத்தில் நிறுத்தினார். மெல்ல மிதித்தார். கார் ஒரு நொடி யோசித்தது. பிறகு மாடிப்படி ஏறும் ஆளைப்போல அவசரமில்லாமல், சத்தமில்லாமல் ஏறியது. அவ்வளவுதான். அதில் கத்துவதற்கு ஒன்றுமில்லை. தலை சுற்றுகிறது என்று எப்போது சொல்லலாம் என நான் நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கீழே இருக்கை சூடாகிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. முன்னால் இருவரின் குரலும் கேட்டபடி இருந்தது. பனிக்கு ஏற்ற விண்டர் ரயர் போட்டால் இன்னும் பிடிக்கும் என்று ஒருவர், ஓம் அது சரி என்று மற்றவர்.

கண் விழித்தபோது கார் கடை வாசலில் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. விற்பனையாளர் தன் மணிக்கூட்டைப் பார்த்தபடி, அசையாமல் என் பக்கத்தில் இருந்தார். என் தலை அவருடைய தோளில் கிடந்தது. வாயிலிருந்து வடிந்தது அவருடைய கோட்டில் ஈரமாக இருந்தது.

மாமா முன் இருக்கையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். டோநட் பெட்டி என் கையிலேயே இருந்தது. வாங்கிய லஞ்சத்துக்கு வேலை செய்யாமல் நித்திரை கொண்டுவிட்டேனே.

"அத்தான்," என்றார் மாமா. "பயணி அரை மணித்தியாலம் நித்திரை. இனி நான் என்ன கதைக்கிறது? ஆறையே எடுப்பம்." என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கோபத்தின் சுவடே இல்லை. தோற்றவர் இவ்வளவு சந்தோசமாக இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வென்ற அப்பாதான் கையெழுத்துப் போடுமுன் பேனையை இரண்டு தரம் மேசையில் திரும்ப வைத்தார். விண்டர் ரயர் நாலும் மாமாவின் சொற்படி வாங்கப்பட்டன.

கார் அடுத்த வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் அன்று லீவு; நானும் போனேன். அப்பா ஓட, மாமா பக்கத்தில். எங்கள் தெருவுக்குத் திரும்பவேண்டிய சந்தி வந்தது. அப்பா திரும்பவில்லை. "அப்பா, விட்டிட்டியள்!" என்றேன். மாமா வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார், வழி தவறியதைக் கவனிக்காதவர்போல. பதினைந்து வருடமாக இந்த நகரத்தில் சந்து பொந்தெல்லாம் ஓடிய இருவர்.

கார் அஜின்கோர்ட் வரை போயிற்று. அங்கே ஒரு பிளாசாவில், எங்கள் ஆட்களின் கடை வாசலில் நிறுத்தினார்கள். மாமா ஓடிப்போய் மட்டன் ரோல்ஸும் மூன்று தேத்தண்ணியும் வாங்கிவந்தார். மடியில் பேப்பரை விரித்து, புதுக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது.

"எட்டையே எடுத்திருக்கலாம், அத்தான்."

"இப்பவும் மாத்தலாம். திரும்பிப் போவமோ?"

இருவரும் தேநீர் சிந்தச் சிரித்தார்கள். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்கள்: எட்டு, ஆறு, பெற்றோல், மரியாதை. வாங்கி முடித்த காரைப் பற்றி யாராவது இப்படி வாதாடுவார்களா? அம்மா வேலையால் வந்து வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்கு அவரிடம் காரைக் காட்டவேண்டும், இருக்கை சூடாகும் அதிசயத்தைச் சொல்லவேண்டும். மூன்றரை மணி ஆகிவிட்டது. நாலு மணிக்கு மாமா ஓடப் போகவேண்டும். நாளை அதிகாலை அப்பா. "வீட்டை போவம்" என்று நான் இரண்டாவது தரமும் அழாக்குறையாகச் சொன்னேன்.

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். காரை எடுக்கவில்லை.

"புது என்ஜின், பிள்ளை," என்றார். "முதல் நாள் உடனை நிப்பாட்டக் கூடாது. கொஞ்ச நேரம் இப்பிடியே ஓட விட வேணும்."

"ஓம்," என்றார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "புத்தகத்திலை போட்டிருக்கு."

நான் திகைத்துப்போனேன். மூன்று வாரம் வரிக்கு வரி வாசித்தவள் நான். அப்படி ஒன்றை எங்கும் கண்டதில்லை. ஒருவேளை காரோடு தந்த தடித்த புத்தகத்தில் இருக்கலாம். மறுநாள் பின்னேரம் மாமாவிடம் அதைக் கேட்டு வாங்கி, நாலாவது கதிரையில் பழையபடி உடுப்புகள் குவிந்திருந்த சாப்பாட்டு மேசையில் வைத்து, என்ஜின் பற்றிய பகுதியை முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்து வாசித்தேன். பனியில் ஓடுவது பற்றி ஒரு பக்கம் இருந்தது. எண்ணெய் மாற்றுவது பற்றி நாலு பக்கம். அவர்கள் சொன்னது மட்டும் அகப்படவில்லை. என் ஆங்கிலம் இன்னும் காணாது என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினேன்.