மழைக்கு அடித்த ஸ்பிறே

டேனிஷ் சிற்றூரான ஹொல்ஸ்டெப்ரோவில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும். எண்பத்தைந்தாம் ஆண்டு, குளிர் இன்னும் விடாத நேரத்தில், எங்கள் அகதி முகாமின் டேனிஷ் வகுப்பு ஆசிரியை எல்லோரையும் மூன்று நாள் காட்டில் கூடாரம் அடித்துத் தங்க அழைத்துப் போவதாக அறிவித்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த எங்களுக்கு, விரும்பிப் போய் ஈரத்தரையில் படுப்பது எதற்கென்று விளங்கவில்லை. ஆனாலும் மறுக்கத் துணிவில்லை. சொன்னபடி கேட்டு நடந்தால்தான் வதிவிட அனுமதி கிடைக்கும் என்று எங்களுக்குள் ஒரு கதை உலாவியது.

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணைக்குத்தான் பயம். சிறுவயதிலிருந்தே அவருக்கு முட்டு வருத்தம். நனைந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் காத்திருந்தார்கள். வருத்தக்காரன் என்று எழுதிவிட்டால் அவர்களைக் கூப்பிட விடமாட்டார்கள் என்று நம்பி, அதை முகாமில் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவந்தார். எனக்கு மட்டும் தெரியும்.

அவருக்குக் கிடைத்த பழைய ஜாக்கெற் தண்ணீரை அப்படியே குடிக்கும். கடையில் ஒரு ஸ்பிறே விற்கிறார்கள், அடித்தால் துணியில் தண்ணீர் தங்காது என்றார் ஆசிரியை. அண்ணை இரண்டு தகர ரின் வாங்கி வந்தார். பின்புறம் பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. ஆறு மாத டேனிஷை வைத்துக்கொண்டு முகாமில் பண்டிதர் வேஷம் போட்டுத் திரிந்தவன் நான். படத்தைப் பார்த்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்கவேண்டும் என்றேன். மிச்சத்தையும் வாசித்தவன்போலத் தலையாட்டினேன்.

எங்கள் அறை யன்னலின் இடுக்குகளை மார்கழியிலேயே பழைய துணி செருகி, மேலே பசை ரேப் ஒட்டி அடைத்திருந்தோம். காலையில் ஐந்து நிமிடமாவது திறந்துவிடுங்கள் என்று முகாம் பராமரிப்பாளர் நடையாய் நடந்து சொல்வார். குளிரை வெற்றிலை வைத்து அழைக்கிற விசர்ச் சனம் என்று, அவர் போனதும் சிரிப்போம். எங்கள் ஆட்களின் எல்லா அறைகளிலும் இதே நிலைதான்.

அன்று அண்ணை கட்டிலில் ஜாக்கெற்றை விரித்து அடிக்கத் தொடங்கினார். மணம் தலைக்கேறியது.

"தம்பி, யன்னலைக் கொஞ்சம் திறப்பமோ?"

"பேசாமல் அடியுங்கோ அண்ணை. குளிர் வந்தால் உங்களுக்குத்தான் இழுக்கும்."

ஹீற்றரையும் முழுதாகத் திருகிவிட்டு நான் தேநீர் போடக் குசினிக்குப் போனேன். அங்கே நாலுபேர் கதைத்துக்கொண்டிருக்க, நானும் நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு ரின்னும் காலி. அண்ணை தரையில் குந்தி, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தார். உதடு நீலமாகிவிட்டது. நகம் கிழிய ரேப்பைப் பிய்த்து யன்னலைத் திறந்தேன். பிந்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஒட்சிசன் கொடுத்தார்கள். பூட்டிய அறைக்குள் ஏன் அடித்தீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் வைத்தியர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணை முகமூடியை விலக்கினார்.

"நான்தான் பூட்டி வைச்சனான். தம்பி அறையிலை இல்லை."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கோழை நான்.

கூடாரப் பயணத்துக்கு அவருடைய ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு போகும்படி அவரே சொல்லியனுப்பினார். மூன்று நாளும் விடாத மழை. ஒரு துளிகூட உள்ளே வரவில்லை.

அண்ணை பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. இரண்டு வருடத்தில் மனைவியும் பிள்ளையும் வந்து சேர, தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயில் இரண்டாம் மாடியில் குடியேறினார்கள். பார்க்கப் போனேன். கீழே வந்து என்னை அழைத்துப் போனவர், படியில் நாலு தரம் நின்று நின்றுதான் ஏறினார். தேநீர் தரும்போது அவருடைய மனைவி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஊரிலை இவருக்கு மழைக்குத்தான் இழுக்கும். இஞ்சை எந்த நாளும் இழுக்குது. என்னெண்டு இப்பிடி ஆச்சு, உங்களுக்குத் தெரியுமோ?"

"இந்த நாட்டுக் குளிர் அக்கா," என்றேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். அக்கா போய், அவர் இருந்த பக்கத்து யன்னலை இறுக்கிப் பூட்டினார்.