கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழித்தவர் நம் கண்டக்டர். பயணிகளிடம் மட்டும், "கம்பியைப் பிடிக்காதவங்களுக்கு நம்ம வண்டியில இடமில்ல" என்பார். டிரைவர் எப்பேர்ப்பட்ட பிரேக் போட்டாலும் மனுஷன் அசைய மாட்டார். அவர் போய் ஆஸ்பத்திரியில், அசையாத தரையில், பட்டப்பகலில் விழுந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள் அது. கால் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலியே இல்லை. வலி இல்லையென்றால் கால் சரியாகிவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பாத்ரூம் எட்டடி தூரம். தலைமாட்டில் மணி இருந்தது. அதை அடித்து, நர்ஸைக் கூப்பிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு போவதா? வெட்கக்கேடு! எழுந்தார். இரண்டாவது அடியில் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மடேரென்று விழுந்தார்.

நல்லவேளை, எக்ஸ்ரேயில் மூட்டு தப்பியிருந்தது. டாக்டர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா மறுபடியும் ஆபரேஷன்தான். அப்புறம் பஸ் வேலையை மறந்துடுங்க."

பஸ் இல்லாமல் கண்டக்டர் என்ன செய்வார்? நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆனால் மணியை மட்டும் தொடவில்லை. வீம்பு!

அவர் வீம்பு மனைவிக்கு அத்துப்படி. மறுநாள் அவருடைய விசிலைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"மணி அடிச்சு ஆள் கூப்பிடத்தானே ரோஷம்? இதை ஊதுங்க."

நர்ஸம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை; கண்டக்டரின் பஸ்ஸில் போய் வருகிறவர்தான். "ஒரு விசில்னா நிப்போம், ரெண்டு விசில்னா போவோம். ஆனா கம்பியைப் பிடிக்காதவங்களுக்கு நம்ம வண்டியில இடமில்ல சார்," என்று வாக்கரைத் தட்டிக் காட்டினார்.

ஊருக்கெல்லாம் அவர் சொன்ன வார்த்தை அவருக்கே திரும்பி வந்தது. சிரித்துவிட்டார். வாக்கரைப் பிடித்தார்.

ஆறாம் நாள் வராந்தாவில் நாற்பது அடி நடந்து காட்ட வேண்டும். மறுமுனையில் டாக்டர். பாதியில் கால் நடுங்கியது. வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வாயில் கவ்வியிருந்த விசிலை ஒருமுறை ஊதினார். நின்றார். நிதானமானதும் இரண்டு விசில். நாற்பதாவது அடியில் டாக்டரே கை தட்டினார்.

"மூணு மாசத்துல டியூட்டிக்குப் போங்க!"

போனார். முதல் டிரிப்பில் பஸ் நிறையக் கூட்டம். "எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கோங்க!" என்று கத்தினார். பிறகு தானும் ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு விசில் ஊதினார்.