வெளுத்த கன்னம்

"சாரல் பலம். இலத்தூரில் மாக்கல்காரரைக் கண்டேன்" என்கிறது 1937 ஆடி மாதத்து என் குறிப்பு.

முகப்பவுடருக்கு அரைக்கும் மாக்கல்லைத் தேடி ஒரு கம்பெனி அனுப்பிய மனிதர் அவர். உடைத்த ஒவ்வொரு கல்லையும் கன்னத்தில் தேய்த்து வழவழப்புப் பார்ப்பார். அதனால் ஒரு கன்னம் மட்டும் வெளுத்திருக்கும். ஒரு விதவையின் புஞ்சையில் மாதிரிக்குத் தோண்டிய குழிகளை அவர் மூடவில்லை. மழைநீர் நிரம்பிய குழியொன்றில் விழுந்து அவளுடைய ஒரே கறவைமாடு செத்தது.

"ஏலே, ஊரான் மூஞ்சிக்கு மாவு பூச என் மாட்டக் கொன்னுட்டியே!" என்று கத்தினாள்.

"கல்லு தேறுனா திரும்பத் தோண்டணும்லா ஆச்சி, பெறவு எதுக்கு மூடணும்?" என்றார், அடுத்த கல்லைத் தேய்த்தபடி.

அந்தக் கன்னத்தை நினைத்தால் இன்றும் என் கை துடிக்கிறது. அவர் திரும்ப வரவில்லை. குழிகளை நாங்களே மூடினோம். கல் தேறியதா என்பதை மட்டும் இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.